மாட்டைக் காத்தோம், பிள்ளையைக் காக்க மாட்டோமா?

மலாயில் 'கெலுவாங்' என்றால் பழந்தின்னி வௌவால். குளுவாங் நகருக்குப் பெயர் தந்ததே அதுதான். 1998-99இல் பன்றிப் பண்ணைகளில் பரவி, நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட நிப்பா வைரஸ் இயல்பாகக் குடியிருப்பதும் இந்த வகை வௌவால்களிடம்தான்.

நிப்பா என்றால் இன்றும் குலைநடுங்குகிறோம். அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த தட்டம்மையை, அதாவது 'சம்பாக்'கை, "பிள்ளைகளுக்கு வருவதுதானே" என்று விட்டுவிடுகிறோம். பரவும் வேகத்தில் நிப்பா இதன் அருகில்கூட வராது. தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தட்டம்மை தொற்றும். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை அது போகலாம். பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்களையும் அழிப்பதால், அம்மை இறங்கிய பிறகும் பிள்ளை மற்ற நோய்களுக்கு எளிதில் இரையாகிறது.

2019இல் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில், கோலா கோ கிராமத்துப் பாத்தேக் பழங்குடியினரிடையே உயிர்கள் பறிபோனபோது, அங்கே தட்டம்மை பரவியிருந்ததைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்தது. தடுப்பூசி எட்டாத இடத்தை இந்த வைரஸ் தேடிப் பிடித்துவிடும்.

தட்டம்மைக்கு மிக நெருங்கிய உறவு, மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய். விடாமல் தடுப்பூசி போட்டதால் அது உலகை விட்டே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. நிப்பாவுக்கு இன்னும் பொதுப் பயன்பாட்டுக்குத் தடுப்பூசி வரவில்லை. தட்டம்மைக்கோ 1963 முதல் இருக்கிறது. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

அம்மை கண்டால் வேப்பிலை வைப்பது நம் வழக்கம். படுத்திருக்கும் பிள்ளைக்கு அது ஆறுதலாகலாம். ஊசி போடும் வயது வராத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் காவலாகாது. அக்குழந்தையைக் காக்க, சுற்றியிருப்போரில் 100க்கு 95 பேருக்காவது தடுப்பாற்றல் வேண்டும்.

ஒன்பதாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் ஒன்று: அரசாங்கக் கிளினிக்கில் போடும் இரண்டே ஊசிகள். இன்றே பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால், நாளைக் காலையிலேயே கிளினிக்கிற்கு அழைத்துப் போங்கள்.