உத்திரமேரூர் போனால் சுவரையும் பாருங்க



கண்டுணர் சுற்றுலா என்று பேச்சு வந்தாலே நம் குழுக்களில் காஞ்சிபுரம்தான் முதலில் வரும். காமாட்சியம்மன் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், பட்டுச்சேலைக் கடை, அதோடு வண்டி திரும்பிவிடும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற உத்திரமேரூரை யாரும் கேட்பதில்லை. குழு நடத்துகிற நாம் அவசியம் பார்க்க வேண்டிய சுவர் ஒன்று அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கு.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர் அது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைத் தேர்தலுக்கான விதிகளை அதில் வெட்டி வைத்தார்கள். பள்ளிப் பாடத்தில் 'குடவோலை முறை' என்று நம் பிள்ளைகள் படிப்பது இதைத்தான்.

ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டு மாதிரி, பிரித்திருந்தார்கள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கு என்று அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்கணும். கையில் வேறு ஓலையை மறைக்க முடியாது பாருங்க! பிறகு எல்லார் காதிலும் விழ வாசிக்கணும். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான்.

நாம் நின்று கவனிக்க வேண்டியது அடுத்த விதியை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் என்று உறவுமுறையை வரிசையாகச் சொல்லி, அவர்களுக்கும் தடை போட்டிருக்கிறார்கள். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவருக்கும் வாய்ப்பு கிடையாது.

இப்போ நம்ம குழுக்களை நினைச்சுப் பாருங்க. சில இடங்களில் குழு ஆரம்பிச்ச நாளிலிருந்து ஒருவரே ஊக்குநர். மாற்றுங்க என்று சொன்னால் மருமகளை நிறுத்துகிறார். வங்கிப் பாஸ்புத்தகமும் தீர்மானப் புத்தகமும் அவர் வீட்டுப் பீரோவிலேயே இருக்கு. 'நம்ம அக்காதானே, கணக்கு கேட்டா மனசு கஷ்டப்படும்' என்று மற்றவர்கள் சும்மா இருக்காங்க. சேமிப்பு நம்முடையது, கடன் தவணை கட்டுவதும் நாம்தான். கேட்பதில் என்ன கஷ்டம்?

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அது பிராமணர்களின் சபை. சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு, 35-க்கு மேல் 70-க்குள் வயசு, இவ்வளவும் இருந்தால்தான் குடத்தில் பெயர். அந்த நிலத்தில் நாற்று நட்டவங்க பெயர் விழாது. பெண்கள் பெயரும் விழாது. உள்ளாட்சிகளில் நமக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் 1992-ல் கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தங்களால் வந்தது. தமிழ்நாட்டில் அதைப் பாதியாக்கிய சட்டம் 2016-ல் வந்தது.

அதே ஊரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலும் இருக்கு, பல்லவர் காலத்தது. மூன்று நிலையாகக் கட்டியிருக்கிறார்கள். பெருமாள் கீழே நின்றும், நடுவில் உட்கார்ந்தும், மேலே படுத்தும் இருக்கிறார். படியேறணும், முழங்கால் வலிக்காரர்கள் கீழே உள்ளவரைக் கும்பிட்டால் போதும். பெரிய கோயில்களைப் போல மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்க.

கல்வெட்டு எழுத்து பழையது, கிரந்தமும் கலந்தது. நம்மால் அப்படியே படிக்க முடியாது. கல்வெட்டு தெரிந்த வரலாற்று ஆசிரியர் யாரையாவது முன்கூட்டியே பேசிக் கூட்டிக்கிட்டுப் போங்க. கணக்கு காட்டாதவர் பற்றிய வரி எங்கே இருக்கு என்று கேட்டு, அதைக் கையால் தொடாமல் பாருங்க.