பக்கத்துக் குடில் அக்கா

நான் பிறந்து, வளர்ந்து, வாக்கப்பட்டது எல்லாமே மாஞ்சோலை எஸ்டேட் லயன் வீட்டில்தான். 2024-ல் தேயிலைத் தோட்ட வேலை நின்றதும் மலையை விட்டு இறங்கி ஆளுக்கொரு திசையாய்ப் போனோம். நாங்கள் அம்பாசமுத்திரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா திருப்பூருக்கே போய்விட்டார்.

மறுபடி பார்த்துக்கொள்வது ஆடி அமாவாசைக்குத்தான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், தாமிரபரணிக் கரையோரம் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குவோம். என் சின்ன வயசில் அரிசி மூட்டை, அண்டா, கிடா சகிதம் வேன் பிடித்துப் போய் நாள்கணக்கில் இருப்போம். பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கை உண்டு. அடுத்த வருஷம் பார்த்தால் நடந்து தேய்ந்த மாதிரி இருக்கும் என்பார் அப்பா.

புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை இப்போது சில நாள்தான் தங்க விடுகிறது. சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகணும். நல்லதுதான். ஆற்றில் பழைய துணியும் பிளாஸ்டிக்கும் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

போன ஆடியில் அக்கா குடிலும் எங்கள் குடிலும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு சேலைதான் மறைப்பு. லயனில் இருந்த மாதிரியே ராத்திரி பூரா பேச்சு! ஆனால் அக்கா ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. "குடிச்சா இருட்டுல கக்கூஸ் வரிசையில போய் நிக்கணுமேடி" என்றார். பெண்களுக்கென்று ஆற்றைவிட்டுத் தள்ளி, விளக்கு வசதியோடு இன்னும் நாலு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் புண்ணியமாய்ப் போகும்.

பஸ் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்து, "வாற ஆடிக்கும் என் பக்கத்துலயே குடில் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்