கூட்டத்தில் மறைந்து வந்தவர்

மாற்கு நற்செய்தியின் 5ஆம் பிரிவில் பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தியவர். கைப்பொருளையெல்லாம் மருத்துவர்களிடம் செலவழித்தும் நலம் பெறாதவர். நோயோடு வெட்கமும் அவரை வாட்டியது. எனவே முன்னால் வரத் துணியாமல், கூட்டத்தில் மறைந்து, பின்புறமாக வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டார். அவரைப் போலவே குருதி கசிய, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வாழும் இளையோர் இன்றும் உள்ளனர்.

கெட்டமின் என்பது 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட மயக்க மருந்து. அறுவைச் சிகிச்சை அறையில் அது பெரும் உதவி. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அதற்கு இடமுண்டு. அதே மருந்துதான் இரவு விருந்துகளில் மூக்கால் உறிஞ்சும் பொடியாகவும் பரவியது. ஹாங்காங்கில் 2000ஆம் ஆண்டுக்குப்பின் இளையோரிடையே அது பெரிதும் புழங்கியது. விலை குறைவு; மயக்கமும் விரைவில் தெளிந்துவிடும். ‘சனிக்கிழமை இரவு மட்டும்தானே’ என்று பலரும் தொடங்கினார்கள்.

2007ஆம் ஆண்டு ஹாங்காங் மருத்துவர்கள் 10 பேரைக் குறித்தும், கனடாவின் டொரான்டோ மருத்துவர்கள் 9 பேரைக் குறித்தும் தனித்தனியே எழுதினார்கள். எல்லாருக்கும் கெட்டமின் பழக்கம் இருந்தது. எல்லாருக்கும் சிறுநீர்ப்பை பாதிக்கப்பட்டிருந்தது. இம்மருந்து சிறுநீர் வழியாக வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. புண் ஆறாமல் தழும்பாகும்போது பை சுருங்குகிறது. ஏறத்தாழ 400 மில்லி லிட்டர் கொள்ளும் பை, 100 மில்லி லிட்டர்கூடக் கொள்ளாமல் போகிறது. கால் மணிக்கு ஒருமுறை எழ வேண்டும். எரிச்சல், இரத்தம், தூக்கமற்ற இரவுகள். சிலருக்குச் சிறுநீரகமும் கெடுகிறது. சிலருக்கு அந்தப் பையையே அகற்றிவிட்டு, குடலின் ஒரு பகுதியைக் கொண்டு வேறொன்றை அமைக்க நேர்கிறது.

இதில் ஒரு கொடுமை உண்டு. கெட்டமின் வலியைக் கொல்லும் மருந்தும்கூட. எனவே அது தந்த வலியைத் தணிக்க மீண்டும் அதையே நாடுகிறார்கள். புண் ஆழமாகிறது, வலி கூடுகிறது, மருந்தும் கூடுகிறது. பேருந்துப் பயணம் அச்சமாகிறது, வேலை போகிறது, திருமணப் பேச்சு தள்ளிப்போகிறது. விருந்துக்கு அழைத்த நண்பர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். மகிழ்ச்சிக்காகக் கூட்டத்தில் தொடங்கிய பழக்கம் கடைசியில் தனி அறையில் வந்து நிற்கிறது.

‘அந்தப் பெண் நோயாளி, இவர்களோ தாமே தேடிக்கொண்டவர்கள்’ என்று நாம் சொல்லக்கூடும். முதல் நாள் எடுத்தது அவர்கள் விருப்பம்தான். ஆனால் இன்று அவர்களை மருத்துவரிடமிருந்து தடுத்து நிறுத்துவது, நாம் என்ன சொல்வோமோ என்ற பயம். அந்தத் தாமதத்திற்கு விலை உண்டு. பழக்கத்தை முழுமையாக நிறுத்தினால் தொடக்கத்திலேயே பலருக்கு வலி குறைகிறது, புண் ஆறுகிறது. சுருங்கி இறுகிய பை பழையபடி விரிவதோ அரிது. ஆகவே ஒருவர் எத்தனை மாதம் மறைத்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய எஞ்சிய வாழ்நாள் அமையக்கூடும்.

திருப்பலியின் நடுவே மூன்று முறை எழுந்து வெளியே போகும் இளைஞரை நாம் திரும்பிப் பார்த்து முகம் சுளித்திருக்கிறோம். காரணம் எதுவாகவும் இருக்கலாம், நாம் கேட்டதில்லை. வீட்டிலும் ‘எங்கே போனாய்?’ என்று அதட்டுகிறோம், ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்பது குறைவு. அப்படிக் கேட்டு, மருத்துவமனை வரை உடன் செல்வதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

தம்மைத் தொட்டவர் யார் என்று இயேசு கேட்டபோது அந்தப் பெண் நடுங்கினார். உண்மை முழுவதையும் சொன்னார். அவர் பெற்ற மறுமொழி கண்டனம் அல்ல. மகளே என்ற அழைப்பு. நடுங்கிக்கொண்டு உண்மை சொல்ல வருவோர்க்கு நம் இல்லங்களிலும் அதே குரல் கேட்க, இறைவன் நமக்கு அருள் தருவாராக.