பொம்மைக்கு வியர்க்காது

ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் வாரத்துக்குப் பதினான்கு பால் கவர் சேரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. கேரி பேக் போய்விட்டது (அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்). பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. ஆகவே கவர்கள் வருகின்றன, கொடியில் காய்கின்றன.

"அப்பா, என் பொம்மைக்குத் தொப்பி வேணும்ப்பா" என்றாள் மகள். கழிவைப் பயன்பொருளாக்குவதை அப்சைக்கிளிங் என்று பெரிய பெயரில் சொல்வார்களே, அதைச் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம்.

கவர்களை அறுத்து விரித்து, அச்சு மை உள்ளே மறையும்படி ஆறு அடுக்கு வைத்தேன். மேலும் கீழும் பட்டர் பேப்பர். ஜன்னலைத் திறந்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை 'சில்க்' குறியில் வைத்துத் தேய்த்தேன். பால் கவர் பாலிஎத்திலீன். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் எத்திலீன் வாயுவை மிகையழுத்தத்தில் சோதித்தவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த வெள்ளை மெழுகின் வாரிசு. சுமார் 110 டிகிரியில் உருகும். அப்போது ஒரு தாளின் நீள மூலக்கூறுச் சங்கிலிகள் பக்கத்துத் தாளுக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். பசையே வேண்டாம்.

ஆனால் தாள் சுருங்கிக் கோணிக்கொண்டது. காரணம், கவர் பிறந்த விதம். உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றடித்துப் பலூன்போல ஊதி இழுத்துத்தான் இந்த மென்தாளைச் செய்கிறார்கள். இழுபட்ட நிலையிலேயே உறைந்துபோன சங்கிலிகள், சூடு பட்டதும் பழையபடி சுருண்டுகொள்கின்றன.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் பெரியப்பா ஒட்டிய தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது துணியில்லடா, அட்டை. பாவும் ஊடையும் இருந்தாத்தான் துணி" என்றார். நியாயம்தான்: பாவு நீள நூல், ஊடை குறுக்கு நூல். தில்லியில் 1998இல் தொடங்கிய கன்சர்வ் இந்தியா என்ற அமைப்பு, கழுவி நிறம் பிரித்த பைகளை இப்படி அழுத்தித்தான் கைப்பைகள் செய்தது. துணியென்று பார்த்தால் புணேயின் ரீசர்க்கா: பைகளை நாடாவாக வெட்டி, ராட்டையில் சுற்றி, கைத்தறியில் ஊடையாக ஓட்டுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாமக்கல் கோழிப்பண்ணையில் கிடக்கும் தீவன மூட்டையின் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பாவு, ஊடை இரண்டும் பிளாஸ்டிக் நாடா. இது பாலிபுரொப்பிலீன். தாளை நாடாவாகக் கீறி, சூட்டில் பல மடங்கு நீளமாக இழுத்த பிறகே நெய்கிறார்கள். இழுக்கும்போது சங்கிலிகள் ஒரே திசையில் வரிசைகட்டும். அந்த வரிசைதான் 50 கிலோவைத் தாங்குகிறது. பால் கவரில் விரலகல நாடா ஒன்று வெட்டி மெதுவாக இழுத்தால் கையிலேயே தெரியும்: முதலில் இளகும், பிறகு ஒடுங்கி வெளுத்து நீளும், கடைசியில் முரண்டு பிடிக்கும்.

ஒட்டிய தாளைத் தைக்கவும் பார்த்தேன். நெருக்கமாகத் தையல் போட்டால் தபால்தலை ஓரம்போலக் கிழிகிறது. அதனால் தையலை விட்டுவிட்டு, தாள் சூடாக இருக்கும்போதே எவர்சில்வர் டம்ளரின் மேல் போர்த்தி, பழந்துணியால் அழுத்திப் பிடித்தேன். ஆறியதும் சங்கிலிகள் மறுபடி படிகமாகி, அந்த உருவமே நின்றது. விளிம்பைக் கத்தரித்ததும் தொப்பி.

எந்தக் கவரையும் எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். பி.வி.சி.யைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். துண்டு ஒன்றை நீரில் முக்கி விடுங்கள்: பாலிஎத்திலீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும்.

காற்றுப் புகாது, வியர்வை உறிஞ்சாது. மனிதத் தலைக்கு இந்தத் தொப்பி தண்டனை, பொம்மைக்கு வியர்க்காது. மறுநாள் காலையில் தொப்பி வைத்த அலமாரியில் எறும்பு வரிசை. மை உள்ளே போனதால் பால் பட்ட பக்கம் வெளியே வந்திருந்தது. "சோப்பு போட்டுக் கழுவுனியாப்பா?" என்று கேட்டாள் மகள்.