ஒரே நஞ்சுக்கொடி, இரண்டு இதயங்கள்

உங்கள் பள்ளியில் அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர் இருக்கிறார்களா? ஒரே முகம், ஒரே இரத்த வகை, ஒரே மரபணு. ஆனாலும், இத்தகைய இரட்டையருள் சில வேளை ஒரு குழந்தை சிவந்து பருத்தும் மற்றொன்று வெளிறி மெலிந்தும் பிறப்பதுண்டு. மரபணு ஒன்றாக இருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? நஞ்சுக்கொடியைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

எந்த நாளில் பிரிந்தது?

நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் தட்டு போன்ற உறுப்பு. தாயிடமிருந்து உணவையும் உயிர்வளியையும் பெற்றுத் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு அனுப்புவது அதுதான். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்தால் ஒத்த இரட்டையர் உருவாகின்றனர். முதல் மூன்று நாள்களுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி. நான்காம் நாளுக்குப் பின் பிரிந்தால் இருவருக்கும் ஒன்றுதான். ஒத்த இரட்டையருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இப்படிப் பகிர்ந்தே வளர்கின்றனர்.

ஒருவழிப் பாதை

பகிர்ந்த நஞ்சுக்கொடியில் இருவரின் இரத்தக் குழாய்களும் ஆங்காங்கே இணைந்திருக்கும். ஒரு குழந்தையின் தமனி கொண்டுவரும் இரத்தத்தைச் சில இடங்களில் மற்ற குழந்தையின் சிரை எடுத்துக்கொள்ளும். தமனியில் அழுத்தம் அதிகம், சிரையில் குறைவு. ஆகவே, அங்கே இரத்தம் ஒரு திசையில்தான் ஓடும். பெரும்பாலும் எதிர்த்திசை இணைப்புகள் இதைச் சமன் செய்துவிடும். பகிர்ந்து வளரும் 100 இணைகளில் 10 முதல் 15 இணைகளுக்கு இந்தச் சமநிலை குலைகிறது. இதையே இரட்டையரிடை இரத்த மாற்றம் என்கிறோம்.

இரத்தம் இழக்கும் குழந்தையின் சிறுநீரகம் நீரைச் சேமிக்கப் பார்க்கும்; சிறுநீர் குறையும். நீர்ப்பையில் உள்ள நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான் என்பதால், பை வற்றி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் பெறும் குழந்தையாவது நலமாக இருக்குமா? இல்லை. மிகுதியான இரத்தத்தைத் தள்ளித் தள்ளி அதன் இதயம் களைக்கும். அதன் பை நீரால் வீங்கும். கடுமையான நிலையில் சிகிச்சை தராவிட்டால், 90 விழுக்காடு வரை குழந்தைகள் இறக்க நேரும்.

மற்றொரு வகையும் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய இணைப்புகள் வழியாக இரத்தச் சிவப்பணுக்கள் மெதுவாகக் கசியும். பையில் நீரின் அளவு மாறாது. ஆனால், ஒருவருக்கு இரத்தசோகை; மற்றவருக்கு இரத்தம் கெட்டியாகிவிடும்.

ஒளியால் ஓர் அடைப்பு

முன்பெல்லாம் வீங்கிய பையிலிருந்து நீரை எடுத்துவிடுவார்கள். இணைப்பு அப்படியே இருந்ததால் நீர் மீண்டும் சேர்ந்தது. 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா, கருப்பைக்குள் மெல்லிய கருவியைச் செலுத்தி, அந்த இணைப்புகளையே லேசர் ஒளியால் சுட்டு அடைத்தார். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2004இல் வெளியானது. 142 தாய்மார்கள் பங்கேற்றனர். குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் உயிரோடிருந்தது, லேசர் பிரிவில் 76 விழுக்காடு. நீர் எடுத்த பிரிவில் 56 விழுக்காடு. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தனர். இருப்பினும், லேசர் பெற்ற நான்கு தாய்மாரில் ஏறக்குறைய ஒருவர் இரு குழந்தைகளையும் இழந்தார் என்பதையும் கவனியுங்கள்.

நேரம்தான் முக்கியம்

நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 11ஆம் வாரம் முதல் 14ஆம் வாரத்துக்குள் ஸ்கேனில் பார்ப்பதே எளிது. ஒன்று எனத் தெரிந்தால், 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. வயிறு திடீரெனப் பெருத்து இறுகினால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரட்டை வாழைப்பழம் தின்றால் இரட்டையர் பிறப்பர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'வயிற்றிலேயே ஒன்று மற்றதன் பங்கைத் தின்றுவிட்டது' என்று யாராவது சொன்னால், இனி நீங்கள் விளக்கலாம். தாய் உண்டதும் காரணமல்ல, அவர் செய்ததும் காரணமல்ல. எந்தக் குழந்தையும் எதையும் பறிக்கவில்லை. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு இரத்தம் ஓடியது, அவ்வளவுதான்.