இடிந்த மாளிகையின் உட்புறம் கணினியில் உருப்பெறுவது எப்படி?

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு அருகே, டயர்சால் காட்டில் ஜொகூர் சுல்தான் குடும்பத்தின் இஸ்தானா வுட்நியூக் மாளிகை சிதைந்து கிடக்கிறது. 2006இல் மூண்ட தீயில் கூரை அழிந்தது. மழை உள்ளே இறங்கி அரிப்பதால், இத்தகைய கட்டடங்களைத் தாமதமின்றி அளக்க வேண்டும்.

லேசர் ஸ்கேனர் சுவர்மீது ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. 1 மீட்டர் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ 7 நானோநொடி போதும். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து அறையின் வடிவமாகின்றன. ஒளிப்படங்கள் நிறம் சேர்க்கின்றன.

அழிந்த பகுதிகளே கடினம். சுவரில் உத்தரம் செருகிய குழி மேல்தளத்தின் மட்டத்தைக் காட்டும். பழைய ஒளிப்படத்தில் தெரியும் மூலைகளை ஸ்கேனின் அதே மூலைகளோடு பொருத்தினால் கேமரா நின்ற இடம் கிடைக்கும். அதிலிருந்து மறைந்த படிக்கட்டின் இடத்தைக் கணிக்கலாம். ஊகித்து நிரப்பியவற்றைத் தனி நிறத்தில் குறிப்பது கட்டாயம். இல்லையெனில் பார்ப்பவர் கற்பனையைச் சான்றாக நம்பிவிடுவார்.