ஸ்டீராய்டு மருந்தும் இதயத் துடிப்பும்

ஆஸ்துமா, மூட்டு வாதம், தோல் நோய் எனப் பல பிணிகளுக்கு மருத்துவர்கள் தரும் பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த மருந்தாகும். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் இயற்கையாகவே சுரக்கும் கார்டிசோலை ஒத்தது இது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டு வாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் அளிக்கப்பட்டது. இத்துறை ஆய்வுகளுக்காக 1950இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

பயன் பெரிது, ஆயினும் கவனம் தேவை. இம்மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றக்கூடும். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கினால், அங்கே இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஸ்டீராய்டு உட்கொள்வோரிடம், குறிப்பாக அதிக அளவில் உட்கொள்வோரிடம், இக்கோளாறு கூடுதலாகக் காணப்படுவதை 2006இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. பல வாரங்கள் உட்கொண்டபின் அட்ரினல் சுரப்பிகள் ஓய்ந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இதய நோய் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. மூட்டு வலிக்கென விற்கப்படும் சில 'மூலிகை' மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்துள்ளது. ஓரிரு நாளில் வலி மாயமாய் மறைந்தால் மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். அம்மருந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெஞ்சு படபடத்து, மயக்கமோ மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.